சைகடெலிக் மருந்துகள், வெட்கம், சட்டம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்த நர்ஸ். 18 வருஷமாகப் புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் பணியில் இருக்கிறேன். சைகடெலிக் மருந்துகளைப் பற்றி நூலகத்திலும் பங்கு மண்டபத்திலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பேசியிருக்கிறேன். அங்கே வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சிலர் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் வந்து மெல்லக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளையும் விடாமல் சேர்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். இந்தியாவில் அது குற்றம், ஆபத்தும்கூட. அதே நேரத்தில், மருத்துவர் கண்காணிப்பில், கண்டிப்பான விதிகளோடு, தேவைப்படுகிறவருக்கு இந்தச் சிகிச்சை சட்டப்படி கிடைக்கும் நாள் வர வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

சைகடெலிக் என்றால் என்ன? கஞ்சா மாதிரியா, சாராயம் மாதிரியா?

இரண்டு மாதிரியும் இல்லை. "போதைக் காளான்", "போதை ஸ்டாம்ப்" என்று பேப்பரில் வருகிறதே, அவை இந்த வகை. காளானில் இருப்பது சைலோசைபின். ஸ்டாம்ப் எனப்படும் சின்னக் காகிதத் துண்டில் ஏற்றியிருப்பது எல்எஸ்டி. சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் எல்எஸ்டியைத் தயாரித்தார். அது மனசை என்ன செய்யும் என்பது 1943-ல்தான், அதுவும் தற்செயலாக, அவருக்குத் தெரிந்தது. 1958-ல் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்ததும் அவர்தான்.

மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனம் வந்து ஒட்டுகிற இடங்கள் பல உண்டு. அவற்றில் 5-எச்டி2ஏ என்ற வகையை இந்தப் பொருள்கள் தூண்டுகின்றன. சில மணி நேரத்துக்குப் பார்வை, நேர உணர்வு, "நான்" என்ற நினைப்பு எல்லாமே இடம் மாறிப்போகும். சாராயத்தைப்போலத் தினமும் கேட்டு உடம்பு நடுங்கவைக்கும் பழக்கத்தைச் சைலோசைபினும் எல்எஸ்டியும் பொதுவாக உண்டாக்குவதில்லை. அதனால் பாதுகாப்பானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவற்றின் ஆபத்து வேறு வகை, அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். தெருவில் எக்ஸ்டஸி என்று சொல்லும் எம்டிஎம்ஏவையும், மயக்க மருந்தான கீட்டமினையும் இதே பேச்சில் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவை உடம்பில் வேலை செய்யும் விதமே வேறு. கீட்டமினுக்கு அடிமையாகிறவர்களும் உண்டு.

போதைப் பொருளை மருந்து என்று சொல்ல என்ன ஆதாரம்?

என் வேலைக்கு நெருக்கமான ஆய்விலிருந்தே தொடங்குகிறேன். புற்றுநோய் வந்து, மரண பயத்திலும் மனச்சோர்விலும் தவித்தவர்களுக்குச் சைலோசைபின் கொடுத்துப் பார்த்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் 2016-ல் வெளிவந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் 51 பேர், நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வில் 29 பேர். மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்க, தயார்ப்படுத்திக் கொடுத்த மருந்து. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பயமும் சோர்வும் குறைந்தே இருந்தன. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. எங்கள் நோயாளிகளின் வலிக்கு மாத்திரை இருக்கிறது. "சாவதற்குப் பயமாயிருக்கு மக்களே" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் அப்பாவுக்குக் கொடுக்க என் பையில் அதிகம் எதுவும் இருந்ததில்லை.

அடுத்தது, வேறு மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு. 2022-ல் வந்த ஆய்வில் 233 பேர் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்தில் நோய் அடங்கியது. வெறும் 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அது 8 சதவீதம். நல்ல செய்திதான், ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 25 மில்லிகிராம் பெற்றும் பத்தில் ஏழு பேருக்கு நோய் அடங்கவில்லை. கிடைத்த பலனும் வாரங்கள் போகப்போகக் குறைந்தது. தற்கொலை எண்ணம் போன்ற மோசமான விளைவுகள் சிலருக்கு வந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்குக் கிடைத்தது நிஜ மருந்தா வெறும் மாத்திரையா என்பது இதைச் சாப்பிட்டவருக்கு அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் அவருடைய எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடலாம். எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு வேண்டும் என்று கேட்டது. அந்த ஆய்வுகளைச் சுற்றி எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் கேட்டது நியாயம்தான்.

இதையெல்லாம் வெளியே பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

ஒரு தலைமை ஆசிரியை கேட்டது இது. அவர் கவலை எனக்குப் புரிகிறது. அவருடைய பள்ளிக்கூட வாசலிலேயே பொட்டலம் விற்றிருக்கிறார்கள்.

ஆனால் பேசாமல் இருந்து நாம் கண்ட பலன் என்ன? நம் ஊரில் ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் "ஊளம்பாறைக்குக் கொண்டு போ" என்பார்கள். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயர், இங்கே வசையாகவே மாறிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். மாசக்கணக்கில் கோயில், பள்ளி, மந்திரவாதி என்று அலைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நோயை வெட்கமாகப் பார்த்த சமூகம் அந்தச் சங்கிலியைப் பல வருஷம் பார்த்தும் பாராமல் இருந்தது.

போதைப் பொருள் என்று வந்தால் வெட்கம் இரட்டிப்பாகிறது. எடுத்துவிட்டுப் பயந்துபோன பையன் வீட்டில் சொல்ல மாட்டான். வீட்டுக்குத் தெரிந்தாலும் அவர்கள் ஆஸ்பத்திரியில் மறைப்பார்கள். என்ன சாப்பிட்டான் என்று தெரியாத டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "தொட்டால் செத்துப்போவாய்" என்று பயமுறுத்தி வைத்தால், தொட்டும் சாகாத ஒரு நண்பனைப் பார்த்த அன்றைக்கே நீங்கள் சொன்ன மற்ற எல்லாமும் அவனுக்குப் பொய்யாகிவிடும்.

எதைக் கேட்டாலும் மார்ஃபின் கதைக்கே ஏன் போகிறீர்கள்?

மார்ஃபின் என்பது அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து. என் கண் முன்னால் நடந்த கதை அது, அதனால்தான்.

1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. என்டிபிஎஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மருத்துவத் தேவைக்கு மார்ஃபினைத் தடுப்பது அதன் நோக்கமே கிடையாது. ஆனால் விதிகள் எப்படி அமைந்தன என்றால், ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்திருக்க ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்கள் வேண்டும், அவை எல்லாமே ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கவும் வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். போதாக்குறைக்குத் தண்டனை பயம் வேறு. பல ஆஸ்பத்திரிகள் "நமக்கு எதற்கு வம்பு" என்று மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. மருந்துக்காக அபினியைச் சட்டப்படி விளைவித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இது. இங்கேயே புற்றுநோயாளிகள் வலியில் கதறிக்கொண்டே இறந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்ற மருத்துவர்களும் வருஷக்கணக்கில் இதற்காக அலைந்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் "அத்தியாவசிய போதை மருந்துகள்" என்று தனி வகையாயின. பல உரிமங்கள் இருந்த இடத்தில், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்ற ஒரே ஏற்பாடு வந்தது.

சட்டம் மாறிவிட்டது, வெட்கம் அத்தனை சீக்கிரம் மாறவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குத் தாடையில் புற்று. திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்து மார்ஃபின் மாத்திரையோடு அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் நான் போனபோது மனுஷர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை எங்கே? அவர் மனைவி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். "இது கஞ்சா மாதிரி சாதனமாம், போலீசு வருமாம், கடையில சொன்னாவ. சாகப்போற நேரத்துல எனக்க மாப்பிள்ளைக்கி இந்தப் பேரு வேண்டாம் கேட்டியா" என்று அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து பேசி, என் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் தூங்கினார். அடுத்த முறை போனபோது, பல நாளுக்குப் பிறகு கஞ்சி குடித்ததாகச் சொன்னார்கள்.

சைகடெலிக் பற்றி என்னிடம் கேட்கிற ஒவ்வொருவரிடமும் அந்த அரிசிப் பானையைத்தான் சொல்கிறேன். ஒரு பொருள் ஆபத்தானது என்பதாலேயே அதைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்தால், வலிக்கிறவனுக்கு அது கிடைக்காது. தெருவில் விற்பவனுக்கோ எந்தப் பூட்டும் பொருட்டில்லை. மார்ஃபினும் ஆபத்தானதுதான். அமெரிக்காவில் இதே குடும்பத்து மாத்திரைகளை லாபத்துக்காக அள்ளிக் கொடுத்து லட்சக்கணக்கான உயிர்கள் போயின. கண்ணை மூடிக்கொண்டு பூட்டியதும் தப்பு, திறந்துவிட்டதும் தப்பு. கணக்கு எழுதி, எண்ணி, நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. எங்கள் பையில் தினமும் அதை வைத்துக்கொண்டுதான் நடக்கிறோம்.

அனுமதி என்றால் டாஸ்மாக் மாதிரி கடை திறப்பதா?

ஐயோ, வேண்டவே வேண்டாம். 2003-லிருந்து அரசே சில்லறைக் கடையில் மது விற்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்று நம் பெண்களுக்குத் தெரியும். சட்டப்படி கிடைப்பது வேறு, கடையில் கிடைப்பது வேறு. நான் கேட்பது ஆஸ்பத்திரியில், மருத்துவர் எழுதி, அவர் கண் முன்னால் எடுத்து, வீட்டுக்கு ஒரு துணுக்குகூட எடுத்துப் போக முடியாத ஏற்பாடு. மயக்க மருந்தைக் கேட்டு யாராவது கடைக்குப் போகிறோமா? அப்படி.

இப்போது இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

எல்எஸ்டி, சைலோசைபின், டிஎம்டி, எம்டிஎம்ஏ எல்லாமே என்டிபிஎஸ் பட்டியலில் உள்ள பொருள்கள். வைத்திருப்பது, விற்பது, கடத்துவது, உட்கொள்வது அனைத்தும் குற்றம். வெறுமனே உட்கொண்டதற்கே, பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை உண்டு. அளவு கூடக்கூடத் தண்டனையும் கூடும். எல்எஸ்டியில் 0.1 கிராம் இருந்தாலே அது வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவான எடை அது. "ஃப்ரெண்டுக்கு வாங்கிக் கொடுத்தேன்" என்று சொல்லும் காலேஜ் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம் இதே சட்டத்தில் இருக்கிறது. மருத்துவ, அறிவியல் நோக்கத்துக்கான விதிவிலக்கை 8-ஆம் பிரிவே வைத்திருக்கிறது. ஆக, சிகிச்சைக்கான கதவைச் சட்டம் முழுதாக அடைக்கவில்லை. ஆனால் சைலோசைபினோ எல்எஸ்டியோ இன்றுவரை இங்கே மருந்தாக அனுமதி பெறவில்லை. இன்னொன்று 64-ஏ பிரிவு. போதைப் பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் உட்கொண்ட குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கி, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போய்விடலாம். வக்கீல்கள்கூட இதைப் பல நேரம் சொல்வதில்லை. கேட்டு வாங்குங்கள்.

காளான் போதைப் பொருளே இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே?

அப்படி முழுசாகச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவில் வந்த உத்தரவு அது. காளான் இயற்கையாக முளைக்கிற ஒரு பூஞ்சை, அதைப் போதைப் பொருள் சேர்த்த கலவையாக எடுத்துக்கொண்டு மொத்தக் காளானின் எடையையும் கணக்கிட முடியாது என்ற அடிப்படையில் ஜாமீன் கொடுத்தார்கள். காளானுக்குள் இருக்கும் சைலோசைபின் இன்னமும் பட்டியலில்தான் இருக்கிறது. என்டிபிஎஸ் மத்தியச் சட்டம், கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினால் அது மாறிவிடாது. கொடைக்கானலுக்குக் காளான் தேடிப் போகிறவர்களை இன்றும் கைது செய்கிறார்கள். போலீசைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று. காட்டில் ஒரு காளானைப்போலவே இன்னொன்று இருக்கும். தப்பானதைத் தின்றால் இரண்டு மூன்று நாளில் கல்லீரல் போய்விடும்.

எந்த நாடுகளில் சட்டப்படி கிடைக்கிறது?

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். கொடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு எம்டிஎம்ஏ, மற்ற மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபின். கனடாவில் 2022-லிருந்து ஒரு நோயாளிக்காக மருத்துவர் தனியாக விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் வேறு பாதையில் போனது. 2020-ல் மக்கள் வாக்களித்து, 2023-ல் மையங்கள் திறந்தன. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நோய் இருக்கிறது என்ற சீட்டுத் தேவையில்லை. முதலில் தயார்ப்படுத்தும் சந்திப்பு, அப்புறம் பயிற்சி பெற்றவர் கண்காணிப்பில் மையத்திலேயே மருந்து. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கொலராடோ 2022-ல் இதே திசையில் வாக்களித்தது.

அதே ஓரிகனில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எல்லாப் போதைப் பொருளையும் சிறிய அளவில் வைத்திருப்பது குற்றமில்லை என்று 2020-லேயே தனியாக வாக்களித்தார்கள். சிகிச்சை மையங்கள் தயாராகும் முன்பே தண்டனையை எடுத்துவிட்டார்கள். தெருக்களில் நிலைமை மோசமானது என்று மக்கள் கோபப்பட, 2024-ல் அது மறுபடியும் குற்றமானது. சிகிச்சை முதலில், தளர்வு பிறகு என்பது என் கட்சி.

இங்கே வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

முதல் கவலை, காசு. ஆஸ்திரேலியாவில் முழுச் சிகிச்சைக்கும் பல ஆயிரம் டாலர் ஆகிறது. மருந்தைவிட மனுஷருக்குத்தான் செலவு அதிகம். ஏழெட்டு மணி நேரம் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் பல சந்திப்புகள். இது சென்னையில் தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் கிடைக்கும் என்றால், குளச்சல் மீனவனுக்கும் தோவாளையில் பூக்கட்டும் அக்காவுக்கும் இந்தப் பேச்சே வீண். ஆசாரிபள்ளம் மாதிரி அரசு மருத்துவக் கல்லூரிகள் வழியாகத்தான் வர வேண்டும்.

அடுத்தது மொழி. நம் ஆட்கள் "எனக்கு டிப்ரெஷன்" என்று சொல்வதில்லை. நெஞ்சடைக்குது, தலைக்குள்ள ஓடுது, கையும் காலும் தளருது என்பார்கள். தூத்தூர்க் கடற்கரைத் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். மனசு முழுவதும் திறந்து கிடக்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்கிறவராக இருக்க வேண்டாமா?

மூன்றாவதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மருந்து வேலை செய்யும்போது மனுஷர் குழந்தையைப்போல ஆகிவிடுவார். எதற்கும் சரி என்பார். கனடாவில் எம்டிஎம்ஏ ஆய்வு ஒன்றில், சிகிச்சை கொடுத்தவர்களே ஒரு பெண்ணிடம் அத்துமீறி நடந்துகொண்டது வெளியே வந்தது. எப்போதும் இரண்டு பேர் உடன் இருக்க வேண்டும், தொடுவதற்கான சம்மதம் மருந்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், நோயாளி விரும்பினால் வீடியோ பதிவு, புகார் கொடுக்க வெளியே தனி அமைப்பு. இவை இல்லாத இடத்துக்கு உரிமம் கொடுக்கவே கூடாது. வெறும் உரிமக் காகிதத்தை நம்பி என் தங்கையை நான் அனுப்ப மாட்டேன்.

இன்னும் ஒன்று. காளானின் அறிவு வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை. மெக்சிகோவின் மசாடெக் மக்களுக்கு அது சடங்கு மருந்து. மரியா சபினா என்ற வைத்தியப் பெண் அதை ஒரு அமெரிக்கருக்குக் காட்டினார். 1957-ல் அந்த அமெரிக்கர் அதைப் பத்திரிகையில் எழுத, ஊரே வெளியாட்களால் நிரம்பியது. ஊரார் சபினாவைத் தள்ளிவைத்தார்கள், அவர் வீடும் எரிந்தது. நம் பக்கத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். அகத்தியமலைக் காணிக்காரர் சொன்ன ஆரோக்கியப் பச்சையிலிருந்து ஒரு மருந்து தயாரித்தபோது, வந்த தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அது குறையில்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்படிப் பங்கு கொடுக்க முடியும் என்று நம் மலைதான் காட்டியது.

சித்த வைத்தியத்தில் ஊமத்தை இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஊமத்தை வேறு, மிகக் கொடியது. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் இரண்டும் நாக்கை வறளவைத்து, இதயத்தை ஓடவைத்து, எது நிஜம் என்றே தெரியாத பிதற்றலில் தள்ளும். உயிரும் போகும். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் அதைச் சுத்தி செய்து அளவறிந்து சேர்ப்பது நம் ஆசான்களின் படிப்பு. அரசின் நச்சு மூலிகைப் பட்டியலிலும் அது இருக்கிறது. வேலி ஓரத்தில் காய்த்துக் கிடக்கிறது என்று பையன்கள் விதையைத் தின்றுபார்ப்பது வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஓக்கிப் புயலில் மகனைப் பறிகொடுத்தவள் நான். எனக்கு இது உதவுமா?

சின்னத்துறையில் ஒரு அம்மா கேட்டது. 2017 நவம்பர் 30. அந்தத் தேதியைச் சொன்னாலே அந்தக் கரையில் பேச்சு நின்றுவிடும். பலருக்கு உடல் கிடைக்கவே இல்லை. புதைக்க ஒன்றும் இல்லாத துக்கம் அது. அந்த அம்மா இன்னும் ராத்திரி கதவைத் தாழிடுவதில்லை.

அம்மா, உங்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன். கொடும் அதிர்ச்சிக்கு எம்டிஎம்ஏ சிகிச்சை உதவியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. உங்களைப் போன்ற துக்கத்துக்கு என்றே நடந்த ஆய்வுகள் மிகக் கொஞ்சம். அது இங்கே வரும்வரை காத்திருக்காதீர்கள். அதிர்ச்சியை மெல்ல மெல்லப் பேசி இறக்கிவைக்கும் மனநலச் சிகிச்சைகள் இன்றைக்கே இருக்கின்றன, தூக்கத்துக்கும் சோர்வுக்கும் பழகிய மருந்துகளும் இருக்கின்றன. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழில் பேசலாம், காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். ஆசாரிபள்ளத்தில் மனநலப் பிரிவு உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை. கூட வரச் சொன்னால் நான் வருகிறேன்.

சட்டப்படி இப்போதே கிடைப்பது எதுவும் இல்லையா?

கீட்டமின் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க நம் ஆஸ்பத்திரிகளில் பல காலமாகப் பயன்படும் மருந்து. கடும் மனச்சோர்வுக்கும் சில மனநல மருத்துவர்கள் குறைந்த அளவில், கண்காணிப்போடு ஏற்றுகிறார்கள். ரத்த அழுத்தம் ஏறும், அடிக்கடி எடுத்தால் மூத்திரப்பை கெடும், பழக்கமாகவும் ஆகும். யார் கொடுக்கிறார், எந்திரங்கள் இருக்கின்றனவா, எத்தனை முறை, பிறகு யார் பார்ப்பார் என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்கு ஆகவே ஆகாது?

தனக்கோ ரத்த உறவிலோ மனச்சிதைவு அல்லது இருமுனை மனநோய் இருப்பவர்கள் கிட்டவே போகக் கூடாது. மருந்து இறங்கினாலும் மனசு திரும்பாமல் போகலாம். இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் வேண்டாம். ஏற்கனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் "இதைப் பார்ப்போம்" என்று அதைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. தெருவில் எல்எஸ்டி என்று விற்கும் ஸ்டாம்பில் "என்-போம்" (NBOMe) என்ற வேறு ரசாயனம் இருந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மகன் பையில் ஸ்டாம்ப் கிடந்தது. போலீசுக்குச் சொல்லவா, அடிக்கவா, என்ன செய்ய?

அடிக்காதீர்கள். அன்றைக்கே பேசவும் வேண்டாம், கோபம் அடங்கட்டும். அடுத்த நாள் அவனோடு தனியாக உட்கார்ந்து, "எப்போதிலிருந்து, எதற்காக" என்று மட்டும் கேளுங்கள். பல பையன்கள் வேடிக்கைக்குத் தொடங்குகிறார்கள். சிலர் தூக்கம் வராமல், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு தொடங்குகிறார்கள். எது என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வழக்கு ஏற்கனவே வந்துவிட்டது என்றால், மேலே சொன்ன 64-ஏ பற்றி வக்கீலிடம் முதல் நாளே பேசுங்கள்.

அவன் அந்த நேரத்திலேயே மயக்கத்திலோ பயத்திலோ இருந்தால், சத்தமில்லாத அறைக்குக் கொண்டு போய், விளக்கைக் குறைத்து, பக்கத்தில் உட்காருங்கள். "நான் இருக்கேன் மக்களே, இது கொஞ்ச நேரத்துல போயிரும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உடம்பு கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சோ நினைவோ தப்பினாலோ, தன்னையே காயப்படுத்த முயன்றாலோ 108. ஆம்புலன்ஸில் வருபவரிடம், அப்புறம் டாக்டரிடம், என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு என்று உள்ளபடி சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் துண்டையோ கவரையோ தூர எறியாமல் கொண்டு போய்க் காட்டுங்கள்.